புயலுக்கு முந்தின நாள்

(திருக்கோகர்ணத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில், நம் மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் வாசித்துப் பயன்பெறும்படி இங்கே தருகிறோம்.)



 பல ஊர்களிலிருந்து, பஸ் மாறி, வெயிலில் நடந்து திருக்கோகர்ணம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகங்களைப் பார்ப்பதே எனக்குச் சந்தோஷம்.

"ஒரு ஸ்தாபனம் இக்கட்டுக் காலத்துக்குத் தன்னை எப்படி ஆயத்தப்படுத்த வேண்டும்?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே படித்த அதிகாரிகள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படித்தவன் அல்ல. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் பல வருஷம் கையில் வைத்திருந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுகிறேன்.

போன முறை கூடியபோது, நம்மை நெடுநாளாகத் தாங்கிவரும் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "ஐயா, கட்டில் வாங்கணும்னு கேளுங்க, தர்றோம். வார்டுக்கு ஓடு மாத்தணும்னு கேளுங்க, தர்றோம். சும்மா பெட்டியில போட்டு வைக்கவும், டீசல் வாங்கி அடுக்கி வைக்கவும் ஏன் காசு கேக்குறீங்க?" நியாயமான கேள்வி. அன்று நான் அவருக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு நான் பேசப்போவது முழுவதும் அவருக்கான பதில்தான்.

நம்முடைய மாவட்டம் தண்ணீர்ப் பஞ்சம் அறிந்த மாவட்டம். கண்மாயை நம்பிப் பிழைத்த ஜனங்கள் நாம். ஐப்பசி மழைக்கு முன்பே வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்து, கரையைப் பார்த்து, மடையைச் சரிசெய்து வைக்க நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. மழை கொட்டுகிறபோது மண்வெட்டி தேடுகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். வறட்சிக்கு இப்படி ஆயத்தப்படத் தெரிந்த நமக்குப் புயலுக்கு ஆயத்தப்படத் தெரியவில்லை. அது கடற்கரைக்காரர்களின் கவலை என்றே நினைத்திருந்தோம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அந்த எண்ணம் மாறியது. கஜா புயல் நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கரை கடந்த பிறகும் வலு முழுதும் இழக்காமல் திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைத் தாண்டி நம் மாவட்டத்துக்குள் வந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கங்களில் முப்பது நாற்பது வருஷத்துத் தென்னைகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்ததை உங்களில் அநேகர் கண்ணால் பார்த்தீர்கள். புயல் பாதித்த மாவட்டங்கள் எல்லாவற்றிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

அந்த நாட்களில் நம் மருத்துவமனையில் நடந்ததை மறைக்காமல் சொல்லுகிறேன். தவறு பெரும்பாலும் என்னுடையது.

முதலாவது, டீசல். எங்கள் ஜெனரேட்டர் மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் எரிக்கும். பீப்பாயில் இருந்தது 80 லிட்டர். பதினாறு மணி நேரத்துக்கு வரும். தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் இருந்தால்தான் பம்பு ஓடும் என்பது அன்று காலைதான் என் புத்திக்கு எட்டியது. ரோட்டில் மரம் கிடந்ததால் லாரியும் வராது.

இரண்டாவது, பணம். பேங்க் கணக்கில் பணம் இருந்தது. ஏ.டி.எம். இயங்கவில்லை. மரம் அறுக்க வந்தவர்களுக்குக் கூலி கொடுக்க ஆஸ்பத்திரிப் பெட்டியில் சில்லறை இல்லை. நர்சுகள் தங்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, தொடர்பு எண்கள். ஆக்சிஜன் கம்பெனி, மருந்து மொத்த வியாபாரி, இரத்தம் கொடுக்கிறவர்கள், விடுப்பில் போயிருந்த டாக்டர் என்று எல்லா எண்களும் என் ஒரே ஒரு செல்போனில் இருந்தன. கோபுரங்கள் செயலிழந்து சிக்னல் இல்லை. பகலுக்குள் சார்ஜும் தீர்ந்தது. ஒரு எண்கூடக் காகிதத்தில் இல்லை. முன்பெல்லாம் ஆபீஸ் மேசையில் ஒரு டெலிபோன் டைரி இருக்கும். செல்போன் வந்த பிறகு அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவனும் நான்தான்.

நான்காவது, மிகவும் வருத்தமானது. நாங்கள் திறந்திருக்கிறோம் என்பதை ஊருக்குச் சொல்லவில்லை.

டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று முன்வாசல் விளக்கை அணைக்கச் சொன்னேன். பிரசவ அறைக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும் ஜெனரேட்டர் என்று தீர்மானித்தோம். அது சரியான தீர்மானம்தான். ஆனால் அன்று இரவு ரோட்டில் வந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை ஒன்றரை மாதம் கழித்தே அறிந்தேன். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த ஒரு தாய் சொன்னாள்: "அன்னைக்கு ராத்திரி வலி எடுத்து, டிராக்டர்ல உங்க வாசலைத் தாண்டித்தான் போனோம் ஐயா. ஒரே இருட்டா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக் கூரை பறந்துருச்சு, பூட்டிட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. எறங்கிக் கேக்கணும்னுகூடத் தோணலை."

அந்தப் பெண் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே விடிய விடியப் பயணம் செய்து புதுக்கோட்டை போய்ச் சேர்ந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்காக நன்றி செலுத்துகிறேன். ஆனால் அவள் எங்கள் வாசலைத் தாண்டிய அந்த நேரத்தில், உள்ளே ஒரு டாக்டரும் இரண்டு நர்சுகளும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் ஒரு ஓடும் பறக்கவில்லை. பிரசவ அறை ஆயத்தமாக இருந்தது. வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, "ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தால் போதும். அதற்கு ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

அன்பானவர்களே, கட்டடமும் டாக்டரும் மருந்தும் இருந்தும், இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், தேவையில் இருக்கிறவருக்கு அது இல்லாததற்குச் சமம். இந்தப் பாடத்தை நான் புஸ்தகத்தில் கற்கவில்லை. அந்தத் தாயின் வாயால் கற்றேன்.

இது நம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே கஜா புயலில் அரசாங்கத்தின் காரியத்தையும் பாருங்கள். புயலுக்கு முன்பே தாழ்வான பகுதிகளிலிருந்து 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்த முன்னேற்பாட்டை எதிர்க்கட்சிகளும் பாராட்டின. ஆனால் புயல் ஓய்ந்த பின் உள்கிராமங்களில் குடிநீர் இல்லை, மின்சாரம் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல யாரும் வரவில்லை என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நம் மாவட்டத்துக் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்படும் அளவுக்குக் கோபம் மூண்டது. வாகனத்தை எரிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த நாட்களில் மின்வாரிய ஊழியர்கள் சோறு தண்ணீர் பாராமல் கம்பம் நட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வெள்ளத்தில் தவித்த கேரளத்திலிருந்துகூட மின் ஊழியர்கள் உதவிக்கு வந்தார்கள். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், "உங்கள் ஊருக்கு இத்தனை நாளில் வருவோம்" என்ற ஒரு வார்த்தை போய்ச் சேராத இடத்தில், எவரும் எதுவும் செய்யவில்லை என்றே ஜனங்கள் எண்ணினார்கள்.

கம்பெனி என்று பேசினால், வார்த்தை சொல்லாததற்கு நம் தேசம் கொடுத்த விலையை நினைக்காமல் இருக்க முடியாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஊரை எச்சரிக்க வேண்டிய சங்கு சற்று நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் என்னவென்று அறியாமல் வீதியில் ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கி இன்னும் அதிகமாக வாயுவைச் சுவாசித்தார்கள். ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு அது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்று சொல்வாரில்லை. "ஓடாதீர்கள், ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள்" என்று மக்களுக்கு முன்பே சொல்லிப் பழக்கியிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள் என்று பின்னாளில் பலரும் வருந்திச் சொன்னார்கள். ஈரத்துணி எல்லார் வீட்டிலும் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் ஆளில்லை.

இதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, அமெரிக்காவில் வேறொரு கம்பெனிக்கு ஒரு சோதனை வந்தது. 1982-இல் சிகாகோ நகரத்தைச் சுற்றிய பகுதியில், டைலினால் என்ற வலி மருந்தைச் சாப்பிட்ட ஏழு பேர் திடீரென்று இறந்தார்கள். யாரோ ஒரு பாதகன் கடையிலிருந்த புட்டிகளுக்குள் சயனைடு கலந்திருந்தான். அவன் இன்னான் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. மருந்தைச் செய்த ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி, "தவறு எங்களுடையதல்ல" என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர்கள் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டாம் என்று நாடு முழுவதும் தாங்களே அறிவித்தார்கள். ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். பத்துக் கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சில வாரங்களில், யாராவது திறந்தால் தெரியும்படி மூன்று அடைப்புகளோடு மருந்தைத் திரும்பவும் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

அவர்களுக்கு அந்தத் தைரியம் அன்று காலையில் வந்ததல்ல. தங்கள் முதல் கடமை மருந்தைப் பயன்படுத்துகிற நோயாளிக்கும் தாய்க்கும் டாக்டருக்கும் நர்சுக்கும் உரியது, பங்குதாரர்கள் கடைசியில்தான் என்று அந்தக் கம்பெனி 1943-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தது. பிற்காலத்தில் அந்தக் கம்பெனியும் வேறு காரியங்களில் கோர்ட்டு வாசல் ஏறி இறங்கியது உண்டு. மனுஷர் நடத்துகிற ஸ்தாபனம்தானே. ஆனால் 1982-இல் அவர்கள் செய்தது, சொல்ல வேண்டியதை முன்பே தீர்மானித்து வைத்திருந்தால் ஆபத்து நாளில் நாக்கு தடுமாறாது என்பதற்கு நல்ல உதாரணம்.

இன்னொரு காரியம். எல்லாத் தொடர்பும் அறுந்தாலும் ஒரு வழி மிச்சம் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமான் தீவுகளில் தொலைபேசி செயலிழந்தது. பாரதி பிரசாத் என்ற அம்மையார், அமெச்சூர் வானொலி நண்பர்களோடு அப்போது போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு பேசிப் பழகவே அந்தக் கருவிகளைக் கொண்டுபோயிருந்தார்கள். ஆபத்து வந்ததும் அதே கருவிகளால் தீவுகளிலிருந்து பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று ஏங்கியவர்களுக்கு அவர்கள் மூலம் தகவல் போனது. பொழுதுபோக்காகப் பழகியிருந்தது உயிர்காக்கும் கருவியாயிற்று. பழகாத கையில் அதே கருவி இருந்திருந்தால் பயனில்லை.

இனி, கஜாவுக்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்லுகிறேன். இவை எல்லாம் எளிய காரியங்கள். கடை வைத்திருக்கிறவர்கள், அரிசி ஆலை நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் பொருந்தும்.

டீசலுக்கு ஒரு கணக்குப் போட்டோம். மணிக்கு 5 லிட்டர், நாளைக்கு 120, மூன்று நாளைக்கு 360. ஆகவே 200 லிட்டர் பீப்பாய் இரண்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். பழையதை முதலில் எரித்து, புதியதை நிரப்புகிறோம். வாரத்துக்கு ஒரு முறை ஜெனரேட்டரை வெறுமனே உறுமவிடாமல், வார்டு விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அதில் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். அது நிற்கிற மேடையையும் உயர்த்தினோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டருக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, நோயாளிகளை அவசரமாக வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர் எத்தனை பெரிதானாலும் தரையில் கிடந்தால் வெள்ளத்துக்கு இரைதான்.

ஆக்சிஜனுக்கும் அப்படியே. ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு. நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைத்தால் ஒரு நோயாளிக்கு 23 மணி நேரம் வரும். இரண்டு நோயாளிகள் என்றால் அரை நாள்கூட வராது. இந்தக் கணக்கை நர்சுகள் எல்லோருக்கும் சொல்லி, சுவரிலும் எழுதி வைத்தோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையில் நாடெங்கும் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, எங்கள் கையிருப்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எந்த நிமிஷத்திலும் எங்களால் சொல்ல முடிந்தது. ஆகவே தீருவதற்கு முன்பே கேட்கவும், முடியாதபோது நோயாளியை நேரத்தோடு அனுப்பவும் முடிந்தது.

புயலுக்குப் பின் வருகிற நோயாளிகளும் வேறு. தகரம் கிழித்தவர்கள், மரம் அறுக்கும்போது காயம்பட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் டெட்டனஸ் ஊசியும் பாம்புக்கடி மருந்தும் கூடுதலாக வாங்கி வைக்கிறோம். இரும்புப் பெட்டியில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கூலிக்கும் வண்டிக்கும் ஆகும் பணம் இருக்கிறது. மாதா மாதம் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தொடர்பு எண்களை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நனையாதபடி உறை போட்டு, நான்கு இடங்களில் மாட்டினோம். ஆபீஸ், பிரசவ அறை, வாட்ச்மேன் அறை, ஆம்புலன்ஸ். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்க்கிறோம். முதல் முறை அழைத்தபோதே சில எண்கள் மாறிப்போயிருந்தன. செல்போன் வேலை செய்யாவிட்டால் யார் எந்தத் தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் எந்த ஊழியரை அழைத்துவர வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது.

இனி, வார்த்தை. இதற்கு மூன்று ஏற்பாடுகள் செய்தோம்.

ஒன்று, பேசுகிறவர் யார் என்று முன்பே தீர்மானித்தோம். மருத்துவக் கண்காணிப்பாளர். அவர் இல்லாவிட்டால் நர்சிங் கண்காணிப்பாளர். பத்திரிகைக்காரரானாலும் தாசில்தாரானாலும் அவர் ஒருவரே பதில் சொல்லுவார். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால், ஐந்தும் உண்மையாக இருந்தாலும் கேட்கிறவருக்குச் சந்தேகமே மிஞ்சும். ஆனால் உண்மையில் நம் ஸ்தாபனத்துக்காக முதலில் பேசுகிறவர் வாட்ச்மேன்தான். வாசலில் வந்து கேட்கிறவர் அவரைத்தான் கேட்கிறார். ஆகவே எதையும் வெளியே சொல்லுமுன் உள்ளே இருக்கிற ஊழியர் எல்லோருக்கும் சொல்லுகிறோம். துப்புரவுப் பணியாளர், சமையலம்மா உட்பட.

இரண்டு, என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கு. நடந்தது இது. எங்களுக்கு இன்னும் தெரியாதது இது. மறுபடியும் இத்தனை மணிக்குச் சொல்லுவோம். இந்த மூன்றும் போதும். யூகம் வேண்டாம், பிறர்மேல் பழி வேண்டாம், நோயாளியின் பெயரை வெளியிட வேண்டாம். சொன்ன மணிக்குப் புதிய செய்தி இல்லாவிட்டாலும் வந்து, "புதிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்ல வேண்டும். கொரோனா நாட்களில் வார்டுக்குள் யாரும் வரக்கூடாது. வெளியே மகனும் மகளும் தவித்தார்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நர்சு போன் செய்தார். சில நாள் சொன்னது, "நேற்று மாதிரியே இருக்கிறார்" என்பது மட்டும்தான். அந்த ஒரு வரிக்காக அவர்கள் நாள் முழுவதும் காத்திருந்தார்கள். வாசலில் ஒரு நாளும் சச்சரவு வரவில்லை.

மூன்று, அறிவிப்புகளை அமைதியான நாளிலேயே எழுதி வைத்தோம். "மருத்துவமனை திறந்திருக்கிறது" என்று ஒன்று. "பிரசவமும் அவசர சிகிச்சையும் மட்டும் நடக்கிறது" என்று ஒன்று. "எங்களிடம் தவறு நடந்துவிட்டது, இந்த மருந்தை வாங்கியவர்கள் உடனே வாருங்கள்" என்றும் ஒன்று. இந்த மூன்றாவதை எழுதும்போது குழுவில் சிலருக்கு மனமில்லை. "நாமே நம்மைக் காட்டிக்கொடுப்பதா? ஆதரவாளர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார்கள். நான் சொன்னேன்: "நல்ல நாளில் எழுத மனம் வராததை, கெட்ட நாளில் சொல்லவா போகிறோம்?" எழுதினோம். இதுவரை அந்தத் தாளை எடுக்கத் தேவை வரவில்லை. வந்தால் எடுப்போம். வேறு யாரும் சொல்லுமுன் உங்களுக்கு நாங்களே சொல்லுவோம். இதை உங்கள் முன்பாக வாக்காகக் கொடுக்கிறேன்.

பாட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். அக்கம்பக்கத்துச் சபை, பள்ளிவாசல், கோயில் மூன்றிலும் போய்ப் பேசியிருக்கிறோம். ஆபத்து நாளில் எங்கள் அறிவிப்பைத் தங்கள் ஒலிபெருக்கியில் வாசிக்க மூவரும் மனமுவந்து சம்மதித்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒத்திகை பார்த்தோம். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். இரண்டு பீப்பாய் டீசலும் நிறைந்திருந்தது. டீசல் அறையின் சாவியைத்தான் காணோம். சாவி வைத்திருந்தவர் ஒரு கலியாணத்துக்கு அறந்தாங்கி போயிருந்தார்! எல்லோரும் சிரித்தோம். மறுநாளே இரண்டாவது சாவி செய்து வாட்ச்மேன் அறையில் மாட்டினோம். அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை. ஒவ்வொரு முறையும் ஒரு குறை தெரிகிறது. ஆபத்தில் தெரிவதைவிட ஒத்திகையில் தெரிவது நல்லது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் இன்றும் வந்திருக்கிறார், முன்வரிசையில்.

ஐயா, நீங்கள் கொடுத்த கட்டிலில் உங்கள் தகப்பனாரின் பெயர் எழுதியிருக்கிறது. அதில் படுத்துச் சுகமானவர்கள் அநேகர். அந்தக் காணிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றைய விலையில் ஒரு பீப்பாய் டீசல் ஏறக்குறைய ஒரு நல்ல கட்டிலின் விலை. டீசலில் பெயர் எழுத முடியாது. எரிந்து புகையாகப் போய்விடும். பெட்டியில் இருக்கிற பணம் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஆண்டு விழாவில் திறந்து வைக்க முடியாது. ஆகவேதான் இதற்குக் கொடுக்க யாருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. கேட்க எங்களுக்கும் நா எழுவதில்லை.

ஆனாலும், ஏழு செழிப்பான வருஷங்களில் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பை நாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே அறிவோம். எண்ணெய் இல்லாமல் தீவட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போன கன்னிகைகளையும் அறிவோம். அவர்களிடம் தீவட்டி இல்லாமல் இல்லை. அன்று இரவு எங்களிடமும் ஜெனரேட்டர் இல்லாமல் இல்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டே காரியங்கள். ஒன்று, நீங்கள் கொடுக்கிற பத்து ரூபாயில் ஒரு ரூபாயை இக்கட்டுக் கால நிதிக்கென்று எங்களுக்கு அனுமதி கொடுங்கள். அது தனிக் கணக்கில் இருக்கும். கட்டடத்துக்கோ சம்பளத்துக்கோ அதை எடுக்கமாட்டார்கள். எதற்கு எடுத்தோம், மீதி எவ்வளவு என்று வருஷந்தோறும் இந்த இதழிலேயே அச்சிடுவோம். நம் சமஸ்தான காலத்தில் அம்மன் காசு என்று ஒரு சின்னஞ்சிறு செப்புக்காசு புழங்கியதை உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். அத்தனை சிறிய தொகையானாலும் சரி, நல்ல நாளில் வந்து சேர வேண்டும்.

இரண்டு, இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு தாள் எடுங்கள். உங்கள் கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்கு, செல்போன் இல்லாவிட்டால் யாரை எப்படி அழைப்பீர்கள் என்று எழுதுங்கள். எது எவ்வளவு கையிருப்பு, எத்தனை நாள் வரும் என்று எழுதுங்கள். யார் பேசுவார்கள் என்று எழுதுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளை என்னிடம் காட்டுங்கள். நானும் எங்கள் வீட்டுத் தாளைக் கொண்டுவருகிறேன்.

இப்போது நம் மருத்துவமனை வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கு மாட்டியிருக்கிறது. பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி. மின்சாரம் போனால் முதலில் அதைத்தான் ஏற்ற வேண்டும் என்று வாட்ச்மேனுக்குச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் அந்தப் பக்கம் வரும்போது பாருங்கள்.